ஓய்வுக்காலத்தில் பெரிய வீடா, பராமரிப்புக் குறைந்த வில்லாவா? முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பணி ஓய்வு நெருங்கும்போது எழும் வீட்டுக் கேள்வியைப் பெரும்பாலோர் பரப்பளவிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை படுக்கையறை தேவை, பிள்ளைகள் வந்தால் எங்கே தங்குவார்கள், தோட்டத்தை விட்டுவிட்டு இருக்க முடியுமா என்றெல்லாம் பேச்சு வளர்கிறது. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் ஓய்வுக்காலம் இருபது, முப்பது ஆண்டுகள் வரை நீளக்கூடியது; அறுபது வயதில் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் இருவரில் ஒருவர் மட்டும் எண்பத்தைந்து வயதில் அதே வீட்டில் தனியே இருக்கும் நிலை பல குடும்பங்களில் வருகிறது. அந்த ஒருவர் யாருடைய துணையும் இல்லாமல் அந்த வீட்டை நடத்த முடியுமா என்பதை மையமாக வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. பரப்பளவு, விலை, அழகு ஆகியவை அதற்குப் பிறகே வருகின்றன.

வில்லா என்று இங்கே குறிப்பிடுவது, ஒரு வளாகத்துக்குள் அமைந்து, சாலை, வடிகால், பொதுத் தோட்டம், காவல், சில இடங்களில் வெளிச்சுவரும் கூரையும் உட்பட, சங்கமோ நிர்வாக நிறுவனமோ கட்டணம் பெற்றுக்கொண்டு பராமரிக்கும் தனி வீட்டை. பராமரிப்பு குறைவு என்ற விளம்பரச் சொல்லுக்கு வேலையே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. வேலை இருக்கும், அதை வேறொருவர் செய்வார், அதற்கான பணத்தை நீங்கள் மாதந்தோறும் கட்டுவீர்கள்.

முதல் படி: இப்போதைய வீட்டை யார் நடத்துகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்

ஓராண்டில் உங்கள் வீட்டில் நடக்கும் வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். நீர்த்தொட்டி கழுவுதல், மோட்டார் பழுது, மழைநீர்க் குழாய் அடைப்பு, மரக்கிளை வெட்டுதல், கரையான் மருந்து, மின்கட்டணம், வரி, காப்பீடு, ஆட்களை வரவழைத்து மேற்பார்வை பார்ப்பது என எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைச் செய்பவர் அல்லது செய்விப்பவர் யார் என்று குறியுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் இந்தத் தாள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெளிவேலையும் பழுதுகளும் ஒருவர் பொறுப்பில், சமையலும் மருந்தும் உறவுத் தொடர்பும் மற்றவர் பொறுப்பில் என்று பல பத்தாண்டுகளாகப் பிரிந்திருக்கும். எந்த வால்வைத் திறந்தால் எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பெரும்பாலான நாடுகளில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களுடையதைவிடச் சில ஆண்டுகள் அதிகம். கணவர் வயதில் மூத்தவராகவும் இருந்தால், மனைவி தனித்து வாழும் காலம் பத்தாண்டுகளைக்கூட எட்டலாம். ஆகவே தாளில் மற்றவர் பெயர் இருக்கும் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, அவர் இல்லாதபோது இதை யார் செய்வார், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். பதில் கிடைக்காத வரிகள் ஐந்தாறுக்கு மேல் இருந்தால், பெரிய வீட்டின் மீதான உங்கள் பிடிப்பைச் சற்றே தளர்த்திக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

இந்தத் தாளை இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சேர்ந்து எழுதினால், குரல் உயர்ந்தவருடைய கணக்கே தாளில் ஏறும்.

இரண்டாம் படி: உடலுக்கு ஏற்ற வீடா என்று அளவுகோலோடு சோதியுங்கள்

உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையேனும் கீழே விழுகிறார்கள். 70 வயதுக்கு மேல் அது 32 முதல் 42 விழுக்காடாக உயர்கிறது. இடுப்பெலும்பு முறிவு ஒன்று, அதுவரை தனியாக நடமாடியவரைப் பிறர் துணையின்றி எழ முடியாதவராக ஆக்கிவிடக்கூடும். எனவே இந்தச் சோதனையைக் கண்ணால் பார்த்து முடிக்காமல் அளந்தே செய்யுங்கள்.

கதவு திறந்த நிலையில் இடைவெளி குறைந்தது 80 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். 90 இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். பல வீடுகளில் படுக்கையறைக் கதவு அகலமாகவும் குளியலறைக் கதவு 65, 70 சென்டிமீட்டராகவும் இருப்பதைக் காணலாம். சக்கர நாற்காலி முழுச்சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றுத் தரை தேவை. கழிவறை இருக்கையின் உயரம் 43 முதல் 48 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முழங்காலுக்குச் சிரமம் குறையும். கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டிய சுவர் செங்கல்லா, வெறும் பலகைத் தடுப்பா என்று தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பலகைத் தடுப்பில் மாட்டிய கம்பி உடல் எடையைத் தாங்காமல் பெயர்ந்துவிடக்கூடும்.

வாசற்படிகளைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகள் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு 1:12 என்பதால், அந்த மூன்று படிகளுக்கு மாற்றாக 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அவ்வளவு இடம் வாசலுக்கு முன்னால் இருக்கிறதா? பெரிய வீட்டுக்கு முற்றமாவது இருக்கும். நெருக்கமாகக் கட்டிய வில்லாவில் அது அடுத்த வீட்டு வாசலைத் தொட்டுவிடும்.

வெளிச்சத்தையும் பாருங்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பகலிலேயே விளக்குப் போட வேண்டிய நடைபாதை, இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் வரும் ஒரே ஒரு படி ஆகியவை பேரளவு ஆபத்தானவை.

இந்தச் சோதனையில் வில்லா தானாகவே வென்றுவிடும் என்று நினைப்பது தவறு. நிலம் விலையேறியதால் வில்லாக்களில் பெரும்பகுதி இரண்டு, மூன்று தளங்களாகவே எழுப்பப்படுகின்றன. கீழே வரவேற்பறையும் சமையலறையும், மேலே எல்லாப் படுக்கையறைகளும் என்பதே வழக்கமான அமைப்பு. முதியோருக்கு இதைவிடப் பொருந்தாத வீடு இல்லை. கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறையும், நின்று குளிக்கவும் உட்கார்ந்து குளிக்கவும் வசதியுள்ள ஒரு குளியலறையும் இல்லாத வில்லாவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே என் பரிந்துரை. அதற்குப் பதில், கீழ்த்தளம் அகன்ற பழைய பெரிய வீடே மேல்.

மூன்றாம் படி: பணக்கணக்கை முழுமையாகப் போடுங்கள்

இந்தப் படியில்தான் அதிகப் பிழை நேர்கிறது. வில்லாவின் மாதக் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது. சொந்த வீட்டின் பராமரிப்புச் செலவு தெரிவதில்லை. அதனால் வில்லா செலவு மிகுந்ததாகவும் சொந்த வீடு செலவற்றதாகவும் தோன்றுகிறது. சொந்த வீட்டுக்கு, ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் 1 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென ஒதுக்குவது பரவலாகப் பயன்படும் ஒரு தோராயக் கணக்கு. பழைய கட்டடமானால் அதற்கு மேலும் ஆகலாம். நிலத்தின் விலையே வீட்டு மதிப்பில் பெரும்பங்காக இருக்கும் இடங்களில் இந்தக் கணக்கு மிகைப்படும் என்பதால், கட்டடத்தின் மதிப்பைத் தனியே பிரித்துப் பார்க்கலாம். அதைவிடத் துல்லியமான வழி, பெரிய செலவுகளைப் பட்டியலிட்டு அவற்றின் ஆயுளால் வகுப்பது: வெளிச்சுவர் வண்ணம், மாடித்தள நீர்த்தடுப்பு, நீர்ச்சூடேற்றி, மோட்டார், மின்கலம், குழாய்கள், கதவு சன்னல்கள். பத்தாண்டு ஆயுளுள்ள பொருளின் விலையில் பத்தில் ஒரு பங்கு இந்த ஆண்டின் செலவுதான், பணம் இப்போது கையை விட்டுப் போகாவிட்டாலும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். உங்கள் பெரிய வீட்டின் விற்பனை விலையை 100 அலகு என்று கொள்வோம். வில்லாவின் விலை 70 அலகு. தரகு, வரி, பதிவு, இடமாற்றம், புது வீட்டுக்கான திருத்தங்கள் எல்லாமாக 10 அலகு போகிறது. கையில் மிஞ்சுவது 20. பெரிய வீட்டின் ஆண்டுச் செலவு, வேலையாட்களின் கூலியையும் சேர்த்து, 1.5 அலகு, வில்லாவின் கட்டணமும் உட்புறச் செலவும் சேர்ந்து 1.0 அலகு. மிச்சம் 0.5. கையில் உள்ள 20 அலகு, விலைவாசி உயர்வு போக 3 விழுக்காடு ஈட்டினால் 0.6. ஆக ஆண்டுக்கு 1.1 அலகு நன்மை.

ஆனால் இடம் மாறியதில் 10 அலகு திரும்பி வராத செலவாகக் கரைந்துவிட்டது. அதை ஈடுகட்ட ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகும். சொத்து விலையின் ஏற்ற இறக்கத்தை இங்கே ஒதுக்கிவைத்திருக்கிறேன். தனி மனை நிலத்தோடு கூடிய வீட்டின் விலை வில்லாவைவிட வேகமாக ஏறினால் 9 ஆண்டு இன்னும் நீளும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கணக்கின் போக்கு பெரும்பாலும் இப்படித்தான் வரும். இதிலிருந்து கிடைப்பது: பணம் மிச்சமாகும் என்பதே ஒரே காரணமானால், ஓய்வின் தொடக்கத்திலேயே மாறுங்கள், அல்லது மாறவே வேண்டாம். எழுபத்தெட்டு வயதில் சிக்கனத்துக்காக வீடு மாறுவது பெரும்பாலும் நட்டக்கணக்கு. அந்த வயதில் மாறுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு, ஆனால் அவை பாதுகாப்பும் துணையும் சார்ந்தவை.

அடுத்து, கட்டண உயர்வு. ஆண்டுக்கு 6 விழுக்காடு உயரும் கட்டணம் 12 ஆண்டுகளில் இரு மடங்காகும், 24 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். உங்கள் ஓய்வூதியம் அதே வேகத்தில் உயருமா? நிலையான வட்டியையோ உயராத ஓய்வூதியத்தையோ நம்பியிருப்பவருக்கு இது முதன்மையான ஆபத்து. சொந்த வீட்டில் பணம் குறைந்தால் வண்ணம் பூசுவதை இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம். வளாகத்தில் அந்த உரிமை உங்களிடம் இல்லை. துணைவர் இறந்தபின் ஓய்வூதியம் குறையும் குடும்பங்கள் இந்தக் கணக்கைக் குறைந்த தொகையை வைத்தே போட வேண்டும்.

நான்காம் படி: வில்லாவின் நிர்வாகத்தைப் படித்துப் பாருங்கள்

மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், சங்கத்தின் ஆவணங்களுக்கு ஒரு நாள் செலவிடுங்கள். நீங்கள் வாங்குவது சுவர்களை மட்டுமல்லாமல் ஒரு நிர்வாகத்தையும்.

கேட்க வேண்டியவை: கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகள், துணைவிதிகள், கட்டணம் கட்டாத வீடுகளின் பட்டியலும் நிலுவைத் தொகையும், எதிர்காலப் பெரும் பழுதுகளுக்கான காப்பு நிதியில் உள்ள இருப்பு. இவற்றுள் காப்பு நிதியே உயிர்நாடி. குறைந்த மாதக் கட்டணத்தைக் காட்டி வில்லாக்களை விற்கும் வளாகங்களில் அந்த நிதி வெறுமையாக இருப்பது அரிதல்ல. பதினைந்தாம் ஆண்டில் சாலையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் ஒருசேரப் பழுதாகும்போது, ஒவ்வொரு வீட்டின் மீதும் சிறப்பு வரியாகப் பெருந்தொகை விழும். கூட்டக் குறிப்புகளைப் படித்தால் சண்டைகள் எங்கே இருக்கின்றன என்பது தெரியும்: கசிவு, நீர்த் தட்டுப்பாடு, வண்டி நிறுத்தம், கட்டுமான நிறுவனம் ஒப்படைக்காமல் வைத்திருக்கும் பொது இடம் ஆகியவை.

கட்டணத்தில் என்ன அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிச்சுவரும் கூரையும் யார் பொறுப்பு என்பதில்தான் ஏமாற்றம் அதிகம். பல வளாகங்களில் பொது இடத்தோடு நிர்வாகத்தின் கை நின்றுவிடும், கூரைக் கசிவு உங்கள் தலையில் விழும். அப்படியானால் பராமரிப்புக் குறைந்த வீடு என்ற பெயருக்கு அங்கே பொருளே இல்லை.

முதுமைக்கென்றே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இரவும் பகலும் உடன் தங்கும் செவிலியையோ பணியாளையோ வைத்துக்கொள்ள விதி இடம் தருமா? வாசலில் சாய்தளம் கட்ட அனுமதி தேவையா? பேரப்பிள்ளைகள் இரண்டு மாதம் தங்கலாமா? வளர்ப்பு நாய்க்கு இடம் உண்டா? நீங்கள் இறந்தபின் வாரிசுகள் வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியுமா, அல்லது நிர்வாகத்தின் ஒப்புதலும் விலகல் கட்டணமும் வேண்டுமா? முதியோருக்கெனத் தனியே அமைந்த வளாகங்களில் வயது வரம்பு மறுவிற்பனையைக் கடினமாக்கக்கூடும். நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் தேயும், மதிப்பைத் தாங்குவது நிலம்.

ஐந்தாம் படி: சுற்றுப்புறமும் மனிதர்களும்

கார் ஓட்டுவதை விட்ட பிறகு அந்த வீட்டில் எப்படி வாழ்வது? இந்த ஒரு கேள்வியே ஊருக்கு வெளியே அமைந்த பல வளாகங்களைத் தள்ளிவிடும். மருந்துக்கடை, மளிகை, வங்கி, பேருந்து அல்லது வாடகை வண்டி ஆகியவை நடந்து எட்டும் தூரத்தில் உள்ளனவா என்று, வெயில் நேரத்தில் நடந்தே பாருங்கள்.

மருத்துவமனை அருகில் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே. ஆகவே ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு, நெரிசல் மிகுந்த மாலை நேரத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கணக்கு.

மனிதர்களின் பக்கம் பெரிய வீடு வலுவாக நிற்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பழகிய தெருவில், காலையில் உங்கள் வாசல் திறக்காவிட்டால் கதவைத் தட்டிக் கேட்கும் அண்டை வீட்டார் இருப்பார்கள். அந்தப் பழக்கத்தை எழுபதுக்கு மேல் புதிய இடத்தில் உண்டாக்குவது முடியாததல்ல. ஆனால் எல்லோருடைய இயல்புக்கும் அது எளிதில் வராது. மறுபக்கம், அந்தத் தெருவில் உங்களோடு பழகியவர்களும் முதுமையடைந்து, விற்றுவிட்டோ பிள்ளைகளிடமோ போய்க்கொண்டிருக்கலாம். இன்று தெருவில் எத்தனை வீடுகளில் பழகியவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாண்டுக்கு முந்தைய தெருவை நினைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்காக அறைகள் வேண்டும் என்ற வாதத்தையும் சோதிக்கலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்த அறைகளில் எத்தனை இரவுகள் விருந்தினர் உறங்கினார்கள்? ஆண்டுக்குப் பதினைந்து இரவுகளுக்காக முந்நூற்றைம்பது நாள் இரண்டு அறைகளைப் பெருக்கித் துடைப்பது உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அது கடமை என்று மட்டும் எண்ண வேண்டாம். பிள்ளைகளிடமே நேராகக் கேட்டால், நினைத்ததற்கு மாறான பதில் வரக்கூடும்.

ஆறாம் படி: விற்பதற்கு முன் மூன்றாவது வழியைப் பாருங்கள்

பெரிய வீட்டையே சிறியதாக நடத்த முடியும். மாடியைத் தனி வாசலோடு பிரித்து வாடகைக்கு விடலாம்; அதில் வருமானமும் வரும், மேலே ஆள் நடமாட்டமும் இருக்கும். கீழ்த்தளத்தில் ஒரு குளியலறையை மாற்றியமைத்து, தோட்டத்தின் பாதியை வேலை குறைந்த தரையாக்கி, ஆண்டு ஒப்பந்தத்தில் மின்பணியாளரையும் குழாய்ப் பணியாளரையும் ஏற்பாடு செய்துகொண்டால், வில்லாவின் வசதிகளில் பெரும்பகுதி இருக்கும் இடத்திலேயே கிடைக்கும். வீடு மாறும் செலவோடு ஒப்பிட்டால் இந்த மாற்றங்களுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் சிறியது. ஆனால் இந்த வழிக்கும் ஒரு மேலாளர் வேண்டும். வாடகைதாரரோடு பேசுவதும் பணியாட்களை விரட்டுவதும் தனித்திருக்கும் ஒருவரால் ஆகுமா என்று முதல் படியின் தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அருகில் பிள்ளையோ நம்பகமான உறவினரோ இருந்தால் இந்த வழியையே நான் முதலில் சொல்வேன். அப்படி யாரும் இல்லையென்றால் வில்லாவின் மாதக் கட்டணம், நிர்வாகத் திறமைக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளம் என்ற கணக்கில் நியாயமானதாகிவிடுகிறது.

ஏழாம் படி: வாடகைக்கு வாழ்ந்து பாருங்கள்

விருப்பம் வில்லாவின் பக்கம் சாய்ந்தால், வாங்குவதற்கு முன் அதே வளாகத்தில் மூன்று மாதமாவது வாடகைக்கு இருங்கள். பழைய வீட்டைப் பூட்டி வையுங்கள். மழையோ கடும் வெயிலோ, அந்த இடத்துக்கு எது மோசமான பருவமோ அதில் தங்குங்கள். நீர் தேங்குவதும் மின்சாரம் போவதும் அப்போதுதான் தெரியும். ஒரு வாரமாவது இருவரில் ஒருவர் வெளியூர் சென்று மற்றவர் தனியே இருக்கட்டும். பிறகு முறையை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் தனித்திருந்தவர் எதற்கெல்லாம் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார் என்பதைக் குறித்து வையுங்கள். முடிவுக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடைப்பது கடினம்.

எட்டாம் படி: முடிவு எதுவானாலும் செய்ய வேண்டியவை

வில்லாவுக்குப் போவதானால், தரைவரைபடத்தில் உங்கள் கட்டில், அலமாரி, உணவு மேசை ஆகியவற்றின் அளவுகளைக் குறித்து, பொருந்தாதவற்றை இடம் மாறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பொருள்களைக் கழிக்கும் வேலைக்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். கடைசி வாரத்தில் செய்தால் எல்லாமே லாரியில் ஏறி, புது வீட்டின் நடைபாதையை அடைக்கும். சொத்தை இருவர் பெயரிலும் பதிவு செய்வதும், உயிலைப் புதுப்பிப்பதும், காப்பீட்டிலும் வங்கியிலும் முகவரியையும் நியமனதாரரையும் சரிபார்ப்பதும் அதே மாதத்தில் முடிய வேண்டியவை. விற்ற பணத்தில் மிஞ்சியதை உடனே நீண்டகால முதலீட்டில் பூட்டிவிடாமல், முதல் ஆண்டின் எதிர்பாராச் செலவுக்கு ஒரு பகுதியை எடுத்து வைக்கலாம்.

பெரிய வீட்டிலேயே இருப்பதானால், எப்போது இந்த முடிவை மறுபரிசீலனை செய்வது என்பதை இப்போதே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பிள்ளைகளுக்கும் ஒரு படி கொடுங்கள். மாடி ஏற முடியாமல் போவது, ஓராண்டில் இரண்டு முறை விழுவது, வண்டி ஓட்டுவதை நிறுத்துவது, பழுதுகள் ஆறு மாதத்துக்கு மேல் கவனிக்கப்படாமல் கிடப்பது, இருவரில் ஒருவர் மறைவது ஆகிய ஐந்தும் அந்தத் தாளில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது நேர்ந்தால் மட்டும், மறுபரிசீலனையை ஓராண்டு கழித்துத் தொடங்குவது என்றும், அதுவரை வீட்டை விற்பது பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.